காற்றும் மூளையும்

உணவின்றிப் பல நாள் வாழ்வோர் உண்டு. காற்றின்றிச் சில நிமிடமும் வாழ்வோர் இலர். அக்காற்றே நஞ்சாயின், விளைவு யாதாகும்?

1952ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 5ஆம் நாள் இலண்டன் மாநகரைக் கடும்பனி மூடிற்று. இல்லங்களிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை, மேலெழ வழியின்றி அப்பனியோடு கலந்து தங்கியது. ஐந்து நாள் பகலும் இருண்டு கிடந்தது. மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என அக்காலத்தார் கணித்தனர். பிற்கால ஆய்வாளர் சிலர் 12,000 வரை கூறுவர்.

புகையின் தீமை நுரையீரலளவில் நிற்பதன்று. அதிலுள்ள நுண்துகள்கள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூச்சோடு புகும் அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கும். அதனால் குருதிக் குழாய்கள் பழுதுறும்; குருதியழுத்தம் மிகும்; குருதி எளிதில் உறையும். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடினும் வெடிப்பினும் பக்கவாதம் நேரும். கை கால் செயலிழக்கும், நாக் குழறும்.

ஒருவர் தாம் மூச்சுவிடும் காற்றை மட்டும் தனியே தூய்மை செய்துகொள்ளல் இயலாது. ஆதலின், பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றிற்று. குறித்த பகுதிகளில் புகை விலக்கப்பட்டது. வீட்டு அடுப்புகளை மாற்றும் செலவில் பெரும்பங்கைப் பொதுப்பணமே ஏற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல நகரின் கரும்புகை அகன்றது.

இக்கால ஊர்திகளின் நுண்துகள் கண்ணுக்குப் புலனாகாது. எனினும் அதன் தீமை குறைந்ததன்று. புகை பிடியாமையும் உப்பைக் குறைத்தலும் ஒருவர் தாமே பேணும் நெறி. காற்றைத் தூயதாக வைத்தல் ஊரார் கூடிப் பேணும் அறமாகும்.