கலைப்பயிற்சியும் தொழில் நாட்டமும்

"தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்று சென்ற கோடை விடுமுறையில் என் மாமா வினவினார். யான் வாளா இருந்தேன். என் தந்தையார் இன்றில்லை. தங்கையோ பள்ளியிறுதி வகுப்பை எட்டிவிட்டாள். ஆதலின் அஃது ஏளனமன்று. எங்கள் வீட்டு நிலை அறிந்து கேட்ட கேள்வியேயாம்.

கலாசாலைக்குத் திரும்பியபின் நூல்நிலையத்தில் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களின் வரலாறு கைக்கெட்டிற்று. அவரைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) அச்சேற்றிய பதிப்பாசிரியராகவே நாம் அறிவோம். அவர்தம் பிழைப்பு யாதென எண்ணிப் பார்த்தார் நம்முள் எத்துணையர்?

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டிற் பிறந்த அவர், அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றார். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி. ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அப்பட்டம் அவர்க்கு இன்ன தொழிலென்று வகுத்து வைக்கவில்லை. அவர் ஆசிரியராயினார், 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையை நடத்தினார், அரசாங்கக் கணக்குச்சாலையிற் பணியாற்றினார். ஏறத்தாழ நாற்பதாம் வயதில், 1871-இல், சட்டப் பட்டம் பெற்றார். பின்னர்க் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். ஏடு தேடியதும், ஒப்புநோக்கியதும், கைப்பொருள் செலவிட்டு அச்சிட்டதும் இவ்வுத்தியோகங்களின் ஊடேயாம்.

இவை ஒன்றற்கொன்று புறம்பானவை என்று முதலிற் கருதினேன். இப்பொழுது அங்ஙனம் கருதவில்லை. ஏட்டுக்கு ஏடு வேறுபடுமிடத்துச் சான்று நோக்கிப் பாடந்துணியும் பயிற்சி, கணக்கேடுகளை ஒத்துப் பார்ப்பார்க்கும், சாட்சிகளின் மாறுபட்ட மொழிகளை நிறுப்பார்க்கும் வேண்டுவதன்றோ? எமது ஆனர்சு வகுப்பில் ஒரு சூத்திரத்திற்கு உரையாசிரியர் இருவர் முரணிக் கூறும் பொருளை ஆராயுங்கால், யாம் பயில்வதும் ஏறக்குறைய அதுவே.

ஆயினும் ஒன்று: அன்று பட்டதாரிகளை விரல்விட்டெண்ணலாம், இன்று பட்டதாரி இல்லாத தெரு அரிது. இதனைச் சொல்லாதுவிட்டுக் கலைக்கல்வியைப் புகழ்வாருரை எனக்கு உவப்பன்று. இறுதியாண்டுத் தேர்வு முடிந்தபின் தொழிலைப்பற்றி எண்ணுவோம் என்றிருக்கும் நண்பர்கள் பலர். அவர்க்கு வழியில்லாமலில்லை. இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் தமிழிலக்கியம் விருப்பப்பாடங்களுள் ஒன்று. பள்ளியாசிரியர் ஆவார்க்குப் பி. எட். உண்டு, பட்டம் பெற்றார் மேலும் மூன்றாண்டு சட்டம் பயிலலாம். ஆயின் ஒவ்வொன்றற்கும் வேண்டும் பொருளையும் காலத்தையும் இப்பொழுதே கணக்கிடல் வேண்டும்.

யான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆசிரியப்பணிக்குச் செல்லின் ஓராண்டு முன்னரே ஈட்டலாம். என் மனமோ சட்டத்தையே நாடுகின்றது. அந்த ஓராண்டுதான் என் தங்கையின் படிப்பிற்கு இடர். இதன்பொருட்டு, மாலை வேளைகளில் ஓர் அச்சுக்கூடத்திற் பிழைதிருத்தும் வேலையை ஏற்றுளேன். ஊதியம் விடுதிச் செலவிற் பாதிக்குப் போதும். தமிழ் படித்ததனாற் கிடைத்த முதல் வேலை அது என்று மாமாவிற்கு எழுதி, கணக்கையும் உடன்வைத்து விடுத்தேன். மறுமொழி இன்னும் வரவில்லை.