தோட்டா ஏறவில்லை என்றால்...
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவரின் கட்டுரை)

மலரில் கட்டுரை கேட்டவுடன் எல்லோரும் கம்ப்யூட்டர், ரோபோ என்று எழுதப் போய்விட்டார்கள். நான் நம் டிபார்ட்மெண்ட் சமாச்சாரமாகவே ஒன்று எழுதுகிறேன். ஸ்பிரிங், கேம், கிளியரன்ஸ் என்று நாம் படிக்கிற அத்தனையும் உள்ளங்கை அகல இடத்தில் வேலை செய்கிற ஒரு மெஷின்: செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் தாய்மாமா, கலெக்டர் ஆபீஸ் அனுமதியோடு இன்னொரு லைசென்ஸ்தாரரிடம் பழைய .32 பிஸ்டல் ஒன்று வாங்கினார். வெளிநாட்டுச் சரக்கு. 1980களின் நடுவிலேயே தனியார் இறக்குமதி நின்றுபோனதால் இந்த மாதிரிப் பழசுக்கெல்லாம் நம்ம ஊரில் தங்க விலை. 2024 தேர்தலுக்கு எல்லோரையும் போல ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினார். அதற்குப் பிறகு ஸ்லைடை இழுத்துப் பார்த்தால் தோட்டா பாதியில் சிக்குகிறது. "மாப்ளே, நீதான் மெக்கானிக்கல் ஆச்சே. உங்க ஒர்க் ஷாப்ல வெச்சு உள்ள லேசா ஒரு அரம் போட்டுக் குடுடா" என்றார்.

எனக்கும் கை அரித்தது, மறைக்கவில்லை. நல்லவேளை, எங்கள் சார் ஒருவரிடம் கேட்டேன். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். மாமாவிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ்தான், பழுது பார்க்கும் லைசென்ஸ் அல்ல. "ஒரு அரத்துக்கு ஏழு வருஷமாடா?" என்று மாமா அதிர்ந்துபோனார். லைசென்ஸ் உள்ள டீலரிடம் போனோம். கடையில் வயதான மிஸ்திரி ஒருவர். வேடிக்கை பார்க்க அனுமதித்தார். நான் படித்த பாடம் அங்கேதான்.

முதலில் மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். இந்த .32 தோட்டா பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1899இல் வந்தது. இதைப் போடும் சின்ன பிஸ்டல்களில் பெரும்பாலும் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ரீகாயில் ஸ்பிரிங்கும்தான் சேம்பரை மூடி வைக்கின்றன. சுட்டதும் காலித் தோட்டாவே ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதை இழுத்து வந்து வெளியே வீசுகிறது. மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேகசின் உதடு வரை தூக்கி நிறுத்துகிறது. ரீகாயில் ஸ்பிரிங்கின் விசையில் திரும்பி வரும் ஸ்லைடு அதை உருவித் தள்ள, அதன் மூக்கு சரிவில் ஏறி சேம்பருக்குள் போகிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள்!

மிஸ்திரி முதலில் கேட்டது, "எந்த எடத்துலங்க நிக்குது?" என்பதுதான். விசைத்தறி ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியும். தறி நின்றால் யாரும் தறியைப் பிரிப்பதில்லை. முதலில் நாடாவையும் தாரையும்தான் பார்ப்பார்கள். இங்கே தார் என்பது மேகசின்.

ஸ்லைடு தோட்டாவைத் தொடாமலே மேலே ஓடிவிட்டால், மேகசின் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் ஸ்பிரிங் செத்துவிட்டது, அல்லது ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகவில்லை. மூக்கு கீழே குத்தி சரிவில் முட்டி நின்றால், பெரும்பாலும் மேகசின் உதடோ ஸ்பிரிங்கோ. தோட்டா உள்ளே போயும் ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூடாமல் நின்றால், சேம்பர் அழுக்கு, கொக்கிக்கு அடியில் அழுக்கு, அல்லது ரீகாயில் ஸ்பிரிங் தளர்ச்சி. காலித் தோட்டா வெளியே போகாமல் குத்துக்கல்லாக நின்றால் அது ஏற்றுகிற கோளாறே அல்ல, வெளியே தள்ளுகிற கோளாறு. இரண்டையும் குழப்பினால் நாள் பூரா தேடலாம்.

.32க்கென்று ஒரு தனி வியாதியும் உண்டு. அந்தத் தோட்டாவின் அடி விளிம்பு உடம்பை விட ஒவ்வொரு பக்கமும் சுமார் கால் மில்லிமீட்டர் வெளியே நிற்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் நகராது. தோட்டா நீளம் குறைந்தால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்து இது அதிகமாகும். அதனால் மேகசினில் போடும்போதே மேல் விளிம்பு முன்னால் இருக்கும்படி அடுக்க வேண்டும்.

சோதிக்கிற முறை நம் லேப் முறைதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாமாவிடம் இரண்டு மேகசின். மிஸ்திரி சாக்பீஸால் 1, 2 என்று குறித்துக்கொண்டு, மருந்தும் கேப்பும் இல்லாத டம்மித் தோட்டாக்களைப் போட்டு மாற்றி மாற்றி ஏற்றினார். 1இல் நாலுக்கு மூன்று சிக்கியது. 2இல் ஒன்றுகூடச் சிக்கவில்லை, ஆனால் ஸ்லைடு சோம்பலாக மூடியது. ஆக, கோளாறு இரண்டு. சோம்பலுக்குக் காரணம் தேங்காய் எண்ணெய்! மாமா போட்டது, காய்ந்து பிசினாகிவிட்டது. 1ஆம் மேகசின் உதட்டில் கொறடு பிடித்த தழும்பு. பழைய சொந்தக்காரர் யாரோ வளைத்துப் பார்த்திருக்கிறார். மாமா அரம் போடச் சொன்ன அந்தச் சரிவில் ஒரு குற்றமும் இல்லை. நான் தேய்த்திருந்தால் தோட்டாவின் அடிப்பாகத்துக்கு முட்டு குறைந்து, சுடும்போது பித்தளை கிழிந்து கையிலேயே வெடிக்க வாய்ப்பு இருந்தது. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் மாமா, "வீட்லயே எல்லாம் எடுத்தாச்சுங்க, காலிதான்" என்று நீட்டினார். மிஸ்திரி பதில் பேசாமல் வாயைச் சுவரோரம் இருந்த மணல் பெட்டிப் பக்கம் திருப்பி, விரலை விசையிலிருந்து விலக்கி வைத்து, ஸ்லைடை இழுத்தார். டக்கென்று ஒரு நிஜத் தோட்டா மேஜையில் விழுந்து உருண்டது. மாமா வீட்டில் முதலில் ஸ்லைடை இழுத்திருக்கிறார். ஒன்று வெளியே விழுந்தது. ஸ்லைடு மூடும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் மேகசினைக் கழற்றியிருக்கிறார். ஒழுங்காக ஏறாத தோட்டா அன்றைக்கு மட்டும் ஒழுங்காக ஏறியிருக்கிறது. ராசிபுரத்திலிருந்து காரில் அது என் மடியில்தான் பையோடு இருந்தது.

முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவு. மிஸ்திரி மாமாவை இதை மூன்று தடவை செய்ய வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலையைத் தொட்டார். மாமாவும் ஸ்கூல் பையன் மாதிரி செய்தார்.

எண்ணெயைக் கழுவி எடுத்தாயிற்று. ரீகாயில் ஸ்பிரிங் மாற்றியாயிற்று. வளைந்த உதட்டை நிமிர்த்த மிஸ்திரி சம்மதிக்கவில்லை. ஒருமுறை வளைந்த தகடு இன்னொரு முறை வளையும் என்றார். அந்த மாடலுக்கு வேறு மேகசின் தேடச் சொல்லியிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை. பிஸ்டல் ரசீதோடு டீலரிடமே இருக்கிறது. மாமா பண்ணைக்கு இரண்டு நாய் வாங்கிவிட்டார்.