ஃபில்டர் கழல மாட்டேன் என்றால்

மணமேல்குடிப் பட்டறைகளில் புதிதாக ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கு. ஆயில் மாற்றுவது சின்ன வேலைதான். ஃபில்டர் இறுகிக்கொண்டால் மட்டும் அரை நாளைத் தின்றுவிடும். அவசரப்பட்டால் வண்டிக்காரர் காசையும் சேர்த்துத் தின்னும்.

1. எந்த வண்டி என்று முதலில் பார். மீன் பெட்டி கட்டி ஓடுகிற பழைய எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக். அதில் கழட்ட ஆயில் ஃபில்டரே கிடையாது. ஸ்ப்ளெண்டரில் ஒரு வலையும், கிளட்ச் பக்கம் சுற்றுகிற கிண்ணமும் இருக்கும். கழுவி மாட்டினால் போதும். கிளாசிக் 350, கேடிஎம் டியூக் இவற்றில் சின்ன மூடிக்குள் பேப்பர் ஃபில்டர். டப்பாவாகவே திருகி மாட்டுகிற ஃபில்டர் 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 போன்றவற்றில்தான். ஈசிஆர் வழியாக ராமேசுவரம் போகிறவர்கள் எப்போதாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். உன்னைச் சோதிக்கப்போவது அந்த டப்பாதான்.

2. அது ஏன் இறுகுகிறது? மரை துருப்பிடித்து அல்ல. உள்ளே எப்போதும் ஆயில் நனைத்துக்கொண்டிருக்கும் மரை அது. குற்றவாளி ரப்பர் வாஷர். போன முறை மாட்டினவர் அதில் ஆயில் தடவாமல் காய்ந்தபடி வைத்து, போதாததற்கு ரிஞ்சும் போட்டு முறுக்கியிருப்பார். பல ஆயிரம் கிலோமீட்டர் சூட்டில் அது டியூபில் போட்ட ஒட்டு மாதிரி இன்ஜினோடு பிடித்துக்கொள்ளும். அதனால் டபிள்யூடி-40 அடித்துக் காத்திருப்பதில் பயனில்லை.

3. இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கு. ரப்பர் இளகும், ஆயிலும் சீக்கிரம் வடியும். பிறகு சைலன்சர் குழாய் ஆறும் வரை பொறு. 650-இல் இரண்டு குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஃபில்டர். புறங்கை பட்டால் தோல் உரியும். கேஸ் அடுப்பு, டார்ச் எதையும் பக்கத்தில் கொண்டுவராதே.

4. வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, டப்பாவின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி இடப்பக்கம் திருப்பு. பின்னாலிருந்து கையை விட்டுத் தடவுகிறவன்தான் திசை குழம்பி இன்னும் இறுக்குவான். முதலில் வெறுங்கை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்ளே இருக்கும்படி சுற்றிப் பிடித்துப் பார். பாதி வண்டிக்கு இதுவே போதும். அடுத்து கிண்ண ரிஞ்ச். குழாய்களுக்கு நடுவே கைப்பிடி வீச இடமில்லாததால் பெல்ட் ரிஞ்சைவிட இதுதான் தோது. அளவு சரியாக இருக்க வேண்டும். லொடலொடவென்று இருந்தால் விளிம்பை மழுக்கிவிடும். டப்பா நசுங்கினாலும் பரவாயில்லை, எப்படியும் குப்பைக்குப் போவதுதான்.

5. ஸ்குரூடிரைவரை டப்பாவில் குத்தித் திருப்புவதை வீடியோவில் பார்த்திருப்பாய். எனக்கு அது பிடிக்காத வித்தை, கடைசிக்குக் கடைசி வைத்துக்கொள். தகரம் மெலிசு, குத்தின இடத்திலிருந்து கிழிந்துகொண்டே போகும், டப்பா அங்கேயே நிற்கும். இன்ஜின் பக்கமாகக் குத்தினால் நடுவில் இருக்கும் மரைக் குழாயில் பட்டுவிடும். அது கெட்டால் புது ஃபில்டர் உட்காராது. கிழிந்தே போய்விட்டதா? பதறாதே. தகரத்தை வெட்டி எடுத்துவிடு. அடித்தட்டு கனமானது, சுற்றிலும் ஓட்டைகள் இருக்கும். மழுங்கின உளியை ஓட்டை விளிம்பில் சாய்த்து வைத்து, இடப்பக்கமாகச் சின்னச் சின்னத் தட்டு. உளி முனை அலுமினியத்தில் பட்டால் அந்தக் கீறல் வழியே ஆயில் கசியும்.

6. பேப்பர் ஃபில்டர் மூடிக்கு வேறு வைத்தியம். இங்கே சிக்குவது போல்ட். நம் உப்புக்காற்றில் இரும்பு போல்டும் அலுமினிய மரையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். டபிள்யூடி-40 வேலை செய்யும் இடம் இதுதான். அடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா. போல்ட் தலையில் நேராக இரண்டு தட்டுத் தட்டு, அப்புறம் ஸ்பேனர். சின்ன போல்ட்டுக்கு நீளக் கைப்பிடி போட்டால் தலை மட்டும் கையோடு வரும். ஸ்ப்ளெண்டர் கிண்ணத்து ஸ்டார் ஸ்குரூவுக்கு, சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் கை வைக்காதே.

7. டப்பா கழன்றதும் அதன் வாயைப் பார். ரப்பர் வாஷர் அதில் இல்லையென்றால் இன்ஜினில் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் புதியதை மாட்டினால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும்.

8. புதிய வாஷரில் விரலால் ஆயில் தடவு. வாஷர் தொடும் வரை கையால் திருகு. அதற்குமேல் எவ்வளவு என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் முக்கால் சுற்று. ரிஞ்ச் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கையால் தடவிப் பார்த்த பிறகு வண்டியைக் கொடு.

9. வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதே. அது போய்ச் சேர்வது பாக் விரிகுடா. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் அரசு அறிவித்திருக்கிறது. அந்தப் பிராணி மேய்வது அடியில் முளைக்கிற கடற்புல்லை. பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க வடியவிட்டு, ஆயிலை மூடி போட்ட கேனில் சேர்த்து வை. கழிவு ஆயில் வாங்க அனுமதி உள்ளவரிடமே கொடு. படகு மரத்துக்குப் பூசக் கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தால், முதலாளியைக் கேளுங்கள் என்று கைகாட்டிவிடு.