மின்சாரமின்றி மரக்கறி காத்தல்

நெல் அறுத்தபின் தோட்டஞ் செய்யும் நறுவிலிக்குளத்துக் கமக்காரர் ஒன்றை நன்கறிவர். தக்காளியும் கத்தரியும் எல்லார் தோட்டத்திலும் ஒரே காலத்திற் காய்க்கும்; விலை விழும். சில நாள் வைத்து விற்க வழியிருப்பின் அந்நட்டத்தில் ஒரு பகுதியையேனும் தவிர்க்கலாம்.

பறித்த காயும் உயிருள்ள பொருளே. சூடு ஏறஏற அது விரைந்து சுவாசித்து, நீரிழந்து வாடும். மண்பானையிற் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டு செல்கிறது. இவ்வுண்மையைக் கொண்டே புதுடில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் செங்கல்லாலும் மணலாலும் குளிரறை அமைத்தனர். நைசீரிய ஆசிரியர் முகமது பா அப்பா 1995இல் இரட்டைப் பானையை உருவாக்கினார்.

செய்முறை

1. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், மெருகிடாத பெரிய மண்பானையை வைத்து, அடியில் 3 அங்குலம் மணல் இடுக.

2. அதன்மேற் சிறிய பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்புக. உட்பானையின் வாய் மணலுக்கு மேலே நிற்றல் வேண்டும்.

3. காலையும் மாலையும் மணலை நனைத்து, ஈரச் சாக்கால் மூடுக.

4. காயமில்லாத காய்களையே இடுக. அழுகியதை நாடோறும் நீக்குக.

கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவரானது. உவர்நீரும் கடற்கரை மணலும் ஆகா. உப்புப் படிந்து பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும். குளத்து நீரும் ஆற்று மணலும் நன்று. வறண்ட சோழகக் காற்று வீசுங் காலத்திலேயே பானை நன்கு குளிரும். மாரியிற் காற்று ஈரமாதலால் பயன் குறைவு.

வெண்காயத்தை இதில் வைத்தலாகாது. நான் தொழிலுக்கு வந்த முதலாண்டில், விதை வெண்காயத்தை ஈரம் உலருமுன் சாக்கிற் கட்டி வைத்தேன். நடுகைக்கு அவிழ்த்தபோது பாதி அழுகியிருந்தது. என் தாயார் அதைத் தாளோடு நிழலில் உலர்த்தி, பிடிபிடியாகக் கட்டி, அடுப்படி வளையில் தொங்கவிட்டதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. காற்றும் வறட்சியுமே வெண்காயத்திற்குக் காவல்.

பூசணியை முற்றவிட்டு, காம்போடு அறுத்து, ஒன்றையொன்று தொடாதவாறு பரணில் வைக்க. விதைப் பயற்றைக் கடித்தால் 'டக்' என உடையும்வரை வெயிலிற் காயவிட்டு, ஆறியபின் உலர்ந்த சாம்பல் கலந்து, வண்டு புகாவண்ணம் வாய்கட்டி வைக்க.

முதலில் இரு பானையும் சிறிது தக்காளியுமாகத் தொடங்குக. அதே நாளிற் பறித்த சில பழங்களை வெளியே வைத்து ஒப்பிட்டால் பயன் தானே தெரியும்.