சோறும் மூச்சும்

மூச்சு விட நுரையீரல் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். மூச்சு விடச் சோறும் வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசை இருக்கிறது. குடைபோல் கவிந்திருக்கும். அதன் பெயர் உதரவிதானம். அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும். மேலே ஏறினால் காற்று வெளியே போகும். விலா எலும்புகளுக்கு இடையிலும் தசைகள் உண்டு. இரவும் பகலும் இவை வேலை செய்கின்றன. ஒரு நாளும் லீவு கிடையாது.

பல மாதம் அரை வயிறு சாப்பிட்டால் என்ன ஆகும்? கை கால் மெலிவது கண்ணுக்குத் தெரியும். இந்தத் தசைகள் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. இருமலில் வலு இருக்காது. சளி வெளியே வராமல் உள்ளேயே தங்கும். தங்கிய சளியில் கிருமி வளரும்.

இரத்தச் சோகை வந்தால் இன்னொரு கஷ்டம். நுரையீரல் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுக்கிறது. இரத்தம் அதை உடம்பெங்கும் சுமந்து செல்கிறது. இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் சுமக்க ஆள் போதாது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மேல்மூச்சு வாங்கும். "வயசாகிவிட்டது" என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். முப்பது வயதில் என்ன வயசு?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து காசநோய். இதை டி.பி. என்றும் சொல்வார்கள். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் பரவும். அதே காற்றைச் சுவாசிக்கும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. பலருடைய உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டே இருக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும் வரை அது எழாது. பசியில் உடம்பு தளர்ந்தால் எழுந்துவிடும்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவன் கல் குவாரியில் கூலி வேலை செய்தவர். கல் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். இப்போது அவருக்குக் காசநோய். மருந்து சாப்பிடுகிறார். அந்த ஊரில் சுகாதாரப் பணி செய்யும் பெண்ணை சஹியா என்பார்கள். சஹியா என்றால் தோழி. அவர் வீட்டுக்கு வந்தார்.

"தீதி, மருந்து ஒரு நாளும் தவறவில்லை. முட்டையும் பருப்பும் அவருக்குக் கொடுக்கிறேன்" என்றாள் மனைவி. தீதி என்றால் அக்கா.

"நல்லது. நீ என்ன சாப்பிட்டாய்?"

"சோறும் கஞ்சித் தண்ணீரும். உப்புப் போட்டுக்கொண்டேன்."

"பருப்பு?"

"அவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டேன். தீர்ந்துவிட்டது."

சஹியா சும்மா இருக்கவில்லை. "ஒரே அறையில் படுக்கிறீர்கள். அந்தக் கிருமி உன்னிடமும் வந்திருக்கும். நீயும் படுத்துவிட்டால் இவருக்கு மருந்து யார் கொடுப்பது?" என்று கேட்டார். அவளிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடி இதே ஜார்க்கண்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2019-இல் தொடங்கி 2022 வரை நடந்தது. 2,800 நோயாளிகள் இதில் சேர்ந்தார்கள். ஆண்களின் சராசரி எடை சுமார் 42 கிலோ. பெண்களின் எடை சுமார் 36 கிலோ. வளர்ந்த மனிதர்களின் எடை இது!

நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் அதில் இருந்தன. பிறகு குடும்பங்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். மற்ற பிரிவில் நோயாளிக்கு மட்டும்தான்.

என்ன ஆயிற்று? அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாரில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடமும் ஒன்றைக் கண்டார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களில் இறப்பு மிகவும் குறைவு. 40 கிலோ உள்ளவருக்கு 2 கிலோ கூடினாலே பெரிய வித்தியாசம்.

அப்படியென்றால் சோறே போதுமா? போதாது. கிருமியைக் கொல்வது மருந்துதான். முன்பெல்லாம் காசநோயாளியைத் தனி ஆஸ்பத்திரியில் வைத்து, பாலும் முட்டையும் கொடுத்து மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஏழை நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமானார்கள். உலகமே அந்த வழியைப் பின்பற்றியது. ஆனால் அதோடு சாப்பாட்டுப் பேச்சைப் பலரும் மறந்துவிட்டார்கள். அது சரியல்ல.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடலாம். அப்போது மருந்தை நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறலாம். நோயாளியோடு வசிக்கும் எல்லோரையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோய் வராமல் தடுக்கவும் மாத்திரை உண்டு.

நோயாளியின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அது நோயாளிக்கு உரிய பணம்.

விலை உயர்ந்த சத்து டப்பா வேண்டாம். கேழ்வரகு, கொள்ளு, வறுகடலை மாவு, முருங்கைக் கீரை, முட்டை போதும். ஜார்க்கண்டிலும் இவை கிடைக்கும். நம் ஊரிலும் கிடைக்கும்.

பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவர் தட்டில் நேற்று என்ன இருந்தது?