மூன்று துப்பாக்கிகள், மூன்று விலைகள்: உந்தம் சொல்லும் கணக்கு



படிவம் 4 வரலாற்றுப் பாடத்தில் புக்கிட் கெப்போங் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஜொகூர் மாநிலத்தில், மூவார் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் அது. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி விடியலுக்கு முன், அங்கிருந்த காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுப் படையினர் சூழ்ந்து தாக்கினர். காவலர்களில் பெரும்பாலோர் அங்கேயே உயிர் நீத்தனர்.

அதே படிவம் 4 இயற்பியல் புத்தகத்தில் உந்தம் என்ற பாடம் இருக்கிறது. இந்த இரண்டு பாடங்களும் சந்திக்கும் ஓர் இடத்தை இன்று பார்ப்போம். அவசரகாலத்தில் இரு தரப்பினர் கையிலும் இருந்த சிறிய துப்பாக்கிகளே அந்த இடம். அவற்றில் ஒன்றின் விலை இன்னொன்றின் விலையைப் போல் 20 மடங்கு இருந்தது. ஏன்? மலிவானது எப்படி மலிவானது? மலிவானதால் பின்னால் என்ன நடந்தது?

எந்த வகைத் துப்பாக்கி?

துப்பாக்கியின் ஆற்றலை முடிவு செய்வதில் முதலிடம் அதன் தோட்டாவுக்குத்தான். கைத்துப்பாக்கித் தோட்டா சிறியது. அதில் வெடிமருந்து குறைவு. ரைஃபிள் தோட்டா நீளமானது. அதில் மருந்து அதிகம். கைத்துப்பாக்கித் தோட்டாவையே, தோளில் தாங்கிச் சுடும் ஒரு குட்டைத் துப்பாக்கியில் பயன்படுத்தினால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்தவைதாம் நாம் பார்க்கப்போகும் தாம்சன், ஸ்டென், ஓவன் ஆகிய மூன்றும். இவற்றைத் துணை இயந்திரத் துப்பாக்கி என்பார்கள். இந்தியாவில் இதே வகையைச் சேர்ந்த 9 மில்லிமீட்டர் துப்பாக்கியைப் படையினரும் காவலர்களும் கார்பைன் என்றே அழைக்கிறார்கள்.

தாம்சனில் 11.4 மில்லிமீட்டர் தோட்டா. ஸ்டென்னிலும் ஓவனிலும் 9 மில்லிமீட்டர் தோட்டா. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அமெரிக்க எம்1 கார்பைன். இதன் தோட்டா கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் இடைப்பட்டது. மற்றது, லீ-என்ஃபீல்டு ரைஃபிள்.

முதலில் கணக்கு

உந்தம் = பொருண்மை × திசைவேகம். இயக்க ஆற்றல் = ½ × பொருண்மை × திசைவேகத்தின் வர்க்கம். இந்த இரண்டு சூத்திரங்களும் உங்களுக்குத் தெரிந்தவையே. குண்டின் பொருண்மையைக் கிலோகிராமுக்கு மாற்றிக் கணக்கிட்டால் கிடைப்பவை இவை:

தாம்சன்: குண்டு 14.9 கிராம், வேகம் வினாடிக்கு 285 மீட்டர், உந்தம் 4.25, ஆற்றல் 605 ஜூல்.

ஸ்டென்: குண்டு 7.5 கிராம், வேகம் 365 மீட்டர், உந்தம் 2.74, ஆற்றல் 500 ஜூல்.

எம்1 கார்பைன்: குண்டு 7.1 கிராம், வேகம் 600 மீட்டர், உந்தம் 4.26; ஆற்றல் 1,278 ஜூல்.

லீ-என்ஃபீல்டு: குண்டு 11.3 கிராம், வேகம் 744 மீட்டர், உந்தம் 8.41, ஆற்றல் 3,127 ஜூல்.

(உந்தத்தின் அலகு கிலோகிராம் மீட்டர்/வினாடி. எண்கள் தோராயமானவை.)

முதல் வரியையும் மூன்றாம் வரியையும் மீண்டும் பாருங்கள். தாம்சன், எம்1 கார்பைன் இரண்டின் குண்டுகளுக்கும் உந்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கார்பைன் குண்டின் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல்! காரணம், உந்தத்தில் திசைவேகம் ஒருமுறைதான் பெருக்கப்படுகிறது. ஆற்றலில் அது தன்னாலேயே இன்னொரு முறை பெருக்கப்படுகிறது. உந்தமும் ஆற்றலும் ஒன்றுதான் என்று தேர்வில் எழுதிவிடும் மாணவர்கள் இந்த இரு வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆற்றல் குறைந்த கைத்துப்பாக்கித் தோட்டாவை எதற்காகப் பயன்படுத்தினார்கள்? ஜொகூர்க் காட்டில் நின்று பார்த்தால் பதில் தெரியும். அடர்ந்த காட்டில் சில பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெகுதூரம் செல்லும் ரைஃபிள் குண்டுக்கு அங்கே வேலை குறைவு. குட்டையான துப்பாக்கிதான் புதர்களுக்கிடையே எளிதாகத் திரும்பும்.

விலை: தேவையில்லாத ஒரு துண்டு

துப்பாக்கி சுடும்போது குண்டு முன்னே பாய்கிறது. அதே அளவு உந்தம் பின்னோக்கியும் செயல்படுகிறது. ரைஃபிளில் அந்த உந்தம் பெரியது. ஆகவே சுடும் கணத்தில் குழலின் பின்புறத்தை உறுதியாகப் பூட்டி வைக்கும் நுட்பமான அமைப்பு தேவைப்படுகிறது. கைத்துப்பாக்கித் தோட்டாவின் உந்தம் சிறியது. போல்ட் எனப்படும் கனமான இரும்புக் கட்டையின் நிலைமமும் ஒரு சுருள்வில்லும் அதைத் தாங்கிக்கொள்ளும். பூட்டு வேண்டியதில்லை. தோட்டா வலுவற்றது என்பதால்தான் துப்பாக்கி எளிமையாக அமைகிறது; எளிமையாக அமைவதால்தான் மலிவாகிறது.

தாம்சனை உருவாக்கியவர்கள் தொடக்கத்தில் இதை நம்பவில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் பிளிஷ் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். மிகுந்த அழுத்தத்தில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அதன் அடிப்படையில் வெண்கலத் துண்டு ஒன்றைத் தாம்சனுக்குள் பூட்டாக வைத்தார்கள். மற்ற பாகங்களையும் கடைசல் இயந்திரத்தில் நேர்த்தியாகச் செதுக்கி எடுத்தார்கள். 1939இல் ஒரு தாம்சனின் விலை 209 அமெரிக்க டாலர்.

போர் வந்தது, ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றார்கள். 1942இல் வந்த எளிமையான வடிவத்தில் அந்த வெண்கலத் துண்டையே எடுத்துவிட்டார்கள். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி முன்போலவே வேலை செய்தது. இத்தனை ஆண்டுகள் அந்தத் துண்டுக்கு எல்லாரும் வீணாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள்! 1942இல் விலை 70 டாலருக்கு இறங்கியது. 1944இல் 45 டாலருக்கு வந்தது. ஒரு தவறான கருத்தைச் சோதித்துப் பார்க்காமல் வைத்திருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு.

பிரிட்டனுக்கு அந்த விலையும் கட்டுப்படியாகவில்லை. 1940இல் டன்கர்க்கிலிருந்து பின்வாங்கியபோது அதன் படை ஏராளமான ஆயுதங்களை விட்டுவிட்டு வந்திருந்தது. 1941இல் ஷெப்பர்டு, டர்ப்பின் என்ற இருவர் ஸ்டென்னை வடிவமைத்தார்கள். அந்த இருவர் பெயரின் முதலெழுத்துகளும் என்ஃபீல்டு என்ற ஊரின் முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்ததே ஸ்டென். தகட்டை அச்சில் அழுத்தி, பற்றவைத்து, சிறு சிறு பட்டறைகளில் பாகங்களைச் செய்து சேர்த்தார்கள். விலை இரண்டு பவுன் சொச்சம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 10 டாலர். 1939 தாம்சனின் விலைக்கு 20 ஸ்டென் வாங்கலாம்.

தன்மை: சேற்றில் நடந்த தேர்வு

மலிவுக்கு ஸ்டென் கொடுத்த விலை என்ன? அதன் தோட்டாப் பெட்டியில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்; வாய்ப்பகுதியில் ஒரே வரிசையாக நெருங்கி வரவேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் அழுக்குப் பட்டாலோ தகடு சற்று நசுங்கினாலோ தோட்டா சிக்கிக்கொள்ளும். கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கும் ஆபத்தும் இருந்தது. பயன்படுத்தியவர்கள் அதை நம்பிக்கை இல்லாமலே சுமந்தார்கள்.

மூன்றாவது துப்பாக்கியின் கதை ஆஸ்திரேலியாவில் வொல்லொங்கொங் நகரில் தொடங்குகிறது. 1939இல் ஈவ்லின் ஓவன் என்ற 24 வயது இளைஞர் தாம் செய்த மாதிரித் துப்பாக்கியை இராணுவ அதிகாரிகளிடம் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் அதை ஒரு சர்க்கரைச் சாக்கில் போட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரரான வின்சென்ட் வார்டல் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் மேலாளர். அந்தச் சாக்கு அவர் கண்ணில் பட்டது. மாதிரி மேம்படுத்தப்பட்டது, 1941இல் தாம்சன், ஸ்டென் ஆகியவற்றோடு சேர்த்துச் சேற்றிலும் மணலிலும் சோதிக்கப்பட்டது. மற்றவை நின்றுபோயின, ஓவன் தொடர்ந்து வேலை செய்தது.

காரணம் எளிய அறிவியல். ஓவனின் தோட்டாப் பெட்டி மேலே நிமிர்ந்து நிற்கும். தோட்டா இறங்குவதற்குப் புவியீர்ப்பும் துணை செய்யும். வெற்றுக்கூடு வெளியேறும் துளை அடியில் இருக்கும். உள்ளே புகுந்த அழுக்கும் அதன் வழியே கீழே விழுந்துவிடும். ஓவனின் எடை 4.2 கிலோ, ஸ்டென்னைவிட ஒரு கிலோ அதிகம். அந்த எடையாலும் ஒரு நன்மை இருந்தது. அதைக் கடைசியில் உள்ள கணக்கில் நீங்களே காண்பீர்கள்.

கிடைக்கும் நிலை: காட்டுக்குள் வந்தவை

எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் வேண்டிய நேரத்தில் கைக்கு வராவிட்டால் பயனில்லை. 1942 ஜனவரியில் மூவார், பக்ரி பகுதிகளில் ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் ஜப்பானியரோடு போரிட்டன. சேற்றுத் தேர்வில் வென்ற ஓவன் அப்போது ஒருவர் கையிலும் இல்லை. அது தொழிற்சாலையில் பெருமளவில் உருவாகத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். ஜனவரி 31ஆம் தேதி ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. மொத்தம் சுமார் 45,000 ஓவன்கள் செய்யப்பட்டன. பின்னர் அவசரகாலத்தில்தான் ஓவனும் நம் காட்டுக்குள் வந்தது.

ஸ்டென்னோ 40 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆகவே அதுதான் எங்கும் கிடைத்தது. இலங்கையிலிருந்து பறந்து வந்த லிபரேட்டர் விமானங்கள், ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் பிரிவுக்காக, மலாயாக் காடுகளில் வான்குடை மூலம் ஸ்டென்களையும் எம்1 கார்பைன்களையும் இறக்கின. ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை அவற்றைப் பெற்றுக்கொண்டது.

போர் முடிந்தது. 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய ஒவ்வொருவருக்கும் 350 டாலர் தரப்பட்டது. ஆனால் எல்லா ஆயுதங்களும் திரும்பி வரவில்லை. ஒரு பகுதி காட்டிலேயே மறைத்து வைக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அவை மீண்டும் வெளியே வந்தன. தந்தவர்களையே அவை குறிவைத்தன.

அதன் சுமை யார் மேல் விழுந்தது? 1950 ஜூனில் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரில் தொடங்கியது. காட்டோரம் வாழ்ந்தவர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களில் நம்மவர்களின் லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி எழுந்தது. உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில், பால்மரம் வெட்டப் போகிறவர்கள் மதியச் சோற்றைக்கூடக் கையில் கொண்டுபோக முடியாது. சோறு காட்டுக்குள் போய்விடும் என்ற அச்சம். உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவருக்கு நினைவிருக்கலாம், அல்லது அவருடைய அம்மா சொல்லியிருக்கலாம்.

ஒரு பொருளை ஒப்பிடும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், தன்மையைப் பார்க்கிறோம், கடையில் கிடைக்குமா என்று பார்க்கிறோம். நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு: வேலை முடிந்த பிறகு அது எங்கே போகும்? பத்து டாலருக்குச் செய்த துப்பாக்கி, அது செய்யப்பட்ட போரோடு முடிந்துவிடவில்லை. நெகிழிப் பைக்கும் பழைய பேட்டரிக்கும்கூட இதே கேள்வியைக் கேட்கலாம்.

செய்து பாருங்கள்

1. குண்டின் உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம் தோராயமாகக் கிடைக்கும். தாம்சன் 4.9 கிலோ, ஸ்டென் 3.2 கிலோ, ஓவன் 4.2 கிலோ. ஓவனின் குண்டுக்கு ஸ்டென்னின் உந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எது மிகக் குறைவாக உதைக்கும்?

2. எம்1 கார்பைனின் எடை 2.4 கிலோ. அதன் குண்டுக்கும் தாம்சன் குண்டுக்கும் ஒரே உந்தம். அப்படியானால் எது தோளை அதிகமாக உதைக்கும்?

விடைகள்: 1. தாம்சன் வினாடிக்கு 0.87 மீட்டர், ஸ்டென் 0.86, ஓவன் 0.65. ஓவனே குறைவு, அதிக எடையால் வந்த நன்மை இதுதான். 2. கார்பைன்: வினாடிக்கு 1.78 மீட்டர், தாம்சனைப் போல் இரு மடங்கு.

மறக்க வேண்டாம்

இந்த வகைத் துப்பாக்கிகளை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதே முறை. கோலாலம்பூரில் அரச மலேசியக் காவல்படை அருங்காட்சியகமும் போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகமும் உள்ளன; பள்ளிச் சுற்றுலாவுக்கு ஆசிரியரிடம் கேட்கலாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான குற்றம். உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றும் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமே. இணையத்தில் விளையாட்டுப் பொருள் என்று விற்றாலும் வாங்காதீர்கள்.

தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ துருப்பிடித்த குண்டோ தோட்டாவோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், எடுக்காதீர்கள், கல்லால் அடித்துப் பார்க்காதீர்கள். இரும்பு துருப்பிடித்தாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் வெடிக்கக்கூடும். விலகி நின்று, பெரியவரிடம் சொல்லி, 999 எண்ணுக்கு அழையுங்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு போரில் இன்று யாரும் காயப்பட வேண்டாம்.