சிக்கும் பாயிண்ட் டூ டூ பிஸ்டல்: காசைக் கையில் எடுக்கும் முன்

பினாங்கில் ‘ரைபிள் ரேஞ்ச்’ என்றதும் ஆயர் ஈத்தாமில் நிற்கும் அடுக்குமாடி வீடுகள்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். மலாயில் அதன் பெயர் பாடாங் தெம்பாக், சுடும் திடல். 1960களின் இறுதியில் அந்த வீடுகள் எழும்புவதற்கு முன் அங்கே உண்மையாகவே சுடுதளம் இருந்தது. தளம் போய்ப் பெயர் தங்கிவிட்டது. ஆனால் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் இந்தத் தீவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் இளையவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, பிஸ்டல் சிக்குது. பேரலை மாத்தலாமா, இல்ல வேற பிஸ்டலே வாங்கிடலாமா?”

இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதி, எந்தத் தோட்டா, எந்த மேகசின், எத்தனையாவது சூட்டில் சிக்கியது, எப்படிச் சிக்கியது என்று மூன்று வாரம் எழுதுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை தோட்டா, மேகசின், அழுக்கு என்ற மூன்றுக்குள் அடங்கிவிட்டன. மூன்றுமே மலிவானவை.

25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கு நாம் எடுப்பது 5.6 மில்லிமீட்டர் தோட்டா. ஊர் வழக்கில் பாயிண்ட் டூ டூ லாங் ரைபிள். 1887இல் அமெரிக்காவில் பிறந்த இந்தத் தோட்டா இன்றும் ஏறக்குறைய அதே உருவில் இருக்கிறது. பெரிய தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு பற்றுக்குப்பி உண்டு. இதற்கு அது இல்லை. பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. தொழிற்சாலையில் ஈர மருந்தை இட்டு, உறையைச் சுழற்றி விளிம்புக்குள் பரப்புகிறார்கள். விளிம்பின் ஏதோ ஓர் இடத்தில் மருந்து சேராமல் போனால், ஊசி அந்த இடத்தில் அடிக்கும்போது வெடிக்காது. நல்ல பிஸ்டலிலும் எப்போதாவது ஒரு தோட்டா வெடிக்காமல் போவது இதனால்தான். அதற்காகத் துப்பாக்கியைக் கழற்ற வேண்டியதில்லை.

வெடிக்காவிட்டால் குழல்முனையை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். பிறகு தோட்டாவை எடுத்து விளிம்பில் விழுந்த தழும்பைப் பாருங்கள். ஆழமாக, தெளிவாக இருந்தால் குற்றம் தோட்டாவினுடையது. மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியினுடையது. ஊசி ஓடும் பாதையில் எண்ணெய்ப் பிசின் கட்டியிருக்கும். அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. சேம்பர் அழுக்காக இருந்தால் தோட்டா முழுதாக உட்காராது. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். அதே தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தால் சேம்பரைத் துடையுங்கள், வேறெதையும் தொடாதீர்கள்.

அடுத்தது தோட்டாவின் வேகம். போட்டிப் பிஸ்டல்களின் ஸ்பிரிங், சாதாரண வேகத் தோட்டாவுக்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 320 மீட்டரில் போவதற்கு, அமைக்கப்பட்டது. ‘வேகமாகப் போனால் நேராகப் போகும்’ என்று நம்பி அதிவேகத் தோட்டா போடுபவர்கள் இருக்கிறார்கள். போல்ட் பின்னால் வந்து அறைகிற அறையில் பிஸ்டலின் சட்டகம்தான் தேயும். மறுபுறம், மிக மென்மையான தோட்டாவாக இருந்தால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. வெற்றுறை வெளியேற வழியில்லாமல் வாசலில் குத்திட்டு நிற்கும். தளர்வாகப் பிடித்தாலும் இதே காட்சிதான். எலே, லாப்புவா, எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ் என எந்தப் பெயர்த் தோட்டாவானாலும் சரி, உங்கள் பிஸ்டலுக்குப் பிடித்ததை அதுவே சொல்லட்டும். மணல் மூட்டையில் கையை ஊன்றி, ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாக நான்கு தொகுதி சுட்டுப் பாருங்கள். 25 மீட்டரில் நிதானச் சூட்டு அட்டையின் பத்து வளையம் 50 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் நிம்மதியாக அடங்கும் தோட்டா கிடைத்ததும், பெட்டியில் அச்சடித்த தொகுதி எண்ணைக் குறித்து அதே எண்ணில் இயன்ற அளவு கேட்டு வாங்குங்கள். உங்கள் உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

மேகசினைப் பலர் சந்தேகப்படுவதே இல்லை. எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் 1, 2, 3 என்று பெயின்டால் எழுதுங்கள். கோளாறு எப்போதும் 2ஆம் எண்ணிலேயே வந்தால் பிஸ்டல் குற்றமற்றது. மேகசினின் உதடுகள் ஒரு முடியளவு விரிந்தாலும் தோட்டாவின் மூக்கு தவறான கோணத்தில் ஏறி இடிக்கும். கீழே விழுந்த மேகசினைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு எடுத்துப்போக வேண்டாம். இடுக்கியால் உதட்டை வளைத்துச் சரிசெய்ய முயலவும் வேண்டாம். ஈயத் தோட்டாவின் மேல் பூசிய மெழுகு உள்ளே உதிர்ந்து தூசியோடு சேர்ந்து களியாகும். மாதம் ஒருமுறை பிரித்து, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் இடாமல் மாட்டுங்கள்.

இனி நம் ஊரின் பகையைச் சொல்கிறேன். சுற்றிலும் கடல், காற்றில் ஈரமும் உப்பும். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் எழுதிய கையேடுகள் இந்தக் காற்றை அறியாதவை. ஆரம்ப நாளில் ஒரு கல்யாண வீட்டு அவசரத்தில் பிஸ்டலை ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலேயே பூட்டிவிட்டுப் போனேன். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது குழலின் மேல் செம்புள்ளிகள். ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி தூக்கிச் செல்வதற்கு மட்டும். வீட்டில் இரும்புப் பெட்டகத்தில், துணி சுற்றாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தை உலர்த்துங்கள் அல்லது மாற்றுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த இரும்பில் நீர் வேர்க்கும். அதை அப்படியே பூட்டாமல், துடைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் வையுங்கள். கை வியர்வையும் உப்புதான். சுட்டு முடித்த அன்றே வெளிப்புறத்தை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றிவிடுங்கள்.

லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். துருவுக்குப் பயந்து நம்மவர்கள் எண்ணெயில் குளிப்பாட்டுகிறார்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பிஸ்டலுக்குள் அடித்தால், அது காய்ந்து பிசினாகி ஊசியை இழுத்துப் பிடிக்கும். தோட்டாமேல் பட்டால் விளிம்பு மருந்தையே கெடுக்கவும் கூடும்.

சுத்தம் செய்யும் ஒழுங்கு இது. மேகசினைக் கழற்று, போல்ட்டைத் திற, சேம்பரைக் கண்ணால் பார், பாதுகாப்புக் கொடியைச் செருகு. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதில் ஒன்றும் குறையக்கூடாது. சுத்தம் செய்யும் மேசையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிறகு கொடியை எடுத்துவிட்டு, சேம்பர் பக்கத்திலிருந்து துணியோ பஞ்சுருளையோ விட்டுத் துடையுங்கள். முனைப் பக்கத்திலிருந்து கம்பி விட்டால் குழல்வாயின் விளிம்பு தேயும். குறி அங்கேதான் கெடும். எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் படியும் கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். வெற்றுறை வெளியே வராத கோளாறு பாதி இதிலேயே போய்விடும். வெறும் சேம்பரில் விசையை இழுத்துப் பழகுவதற்கு உங்கள் பிஸ்டலின் கையேடு அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதிக்காத பிஸ்டலில் ஊசி சேம்பரின் விளிம்பை அடித்துப் பிசிறு எழுப்பும். அதற்கென விற்கும் பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கோளாறுக்கு மட்டும் நோட்டுப் புத்தகம் தேவையில்லை. விசையை ஒருமுறை இழுத்து இரண்டு தோட்டா போனால், அல்லது போல்ட் மூடியதும் தானாகவே வெடித்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். விசைக்குள் இருக்கும் கொக்கிகளை அரத்தால் தேய்த்து ‘மென்மை’யாக்குவது வீட்டு வேலையே அல்ல.

கோளாறு போட்டி நடுவில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய வீராங்கனை மனு பாக்கர் சாட்சி. 2021 ஜூலை 25 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, பல நிமிடங்கள் பறிபோயின. 575 புள்ளிகளோடு 12ஆம் இடம். இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றார். 25 மீட்டரில் கோளாறு வந்தால் விதி தெளிவானது. பிஸ்டலை இலக்கு நோக்கியே பிடித்துக்கொண்டு, வேறெதையும் தொடாமல், மறுகையைத் தூக்கி அதிகாரியை அழையுங்கள். பதற்றத்தில் போல்ட்டை நீங்களே இழுத்துவிட்டால் அந்தக் கோளாறு ஏற்கப்படாத கணக்கில் போய்விடும். இதைப் பயிற்சி நாளிலேயே பழகவேண்டும்.

இனி மேம்பாடு. செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் முதல் காசு கைப்பிடிக்கு. விலையுயர்ந்த குழலால் கூடாத புள்ளி, கைக்குப் பொருந்திய மரப்பிடியால் கூடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். கண்ணை மூடிப் பிஸ்டலைத் தூக்கி, கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் பிளவுக்கு நடுவில் நின்றால் பிடி பொருந்திவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் மரப்புட்டியைக் கொஞ்சம் சேருங்கள் அல்லது உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு வாரம் சுடுங்கள், மறுபடி பாருங்கள். பிடி மணிக்கட்டைத் தாங்கக்கூடாது. பிஸ்டல் முழுதும் 300, 150, 50 மில்லிமீட்டர் அளவுப் பெட்டிக்குள் அடங்கவேண்டும், எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது என்பவை அனைத்துலக விதிகள்.

விசையின் எடை குறைந்தது 1000 கிராம். ஸ்பிரிங் தளரத் தளர இது தானாகவே குறையும். போட்டிக்கு முந்தின வாரம், காலிப் பிஸ்டலை நிறுத்திப் பிடித்து எடைக்கல்லை விசையால் தூக்கிப் பாருங்கள். கையேடு காட்டும் திருகால் சற்றுக் கூட்டி வையுங்கள்; மயிரிழையில் வைத்தால் சோதனை மேசையில் அழவேண்டி வரும். சிவப்புப் புள்ளிக் கண்ணாடிக்கு இந்தப் போட்டியில் இடமில்லை, காசை மிச்சப்படுத்துங்கள். நம் வெயிலில் முன்குறி பளபளத்தால் கற்பூரப் புகைக் கரியைப் பூசுவது பழையவர்களின் வழி. காலிப் பிஸ்டலில், எண்ணெயும் தோட்டாவும் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். ஸ்பிரிங்கும், போல்ட்டின் அறையைத் தாங்கும் ரப்பர் மெத்தையும் தேய்ந்து தீரும் பொருள்கள். கையேடு சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.

பாகம் வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிதான். வெளிநாட்டிலிருந்து ஒரு பேரலைத் தபாலில் வரவழைப்பது விளையாட்டல்ல. மரப்பிடியைத் தவிர எதை வாங்கும் முன்பும் கிளப்பிடமும் உரிமம் பெற்ற வணிகரிடமும் கேட்டு, காவல்துறை அனுமதி வேண்டுமா என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டின் அலியா சசானா அசஹாரி வெண்கலம் வாங்கியது இதே 25 மீட்டர் பிஸ்டலில்தான். அந்தப் போட்டியின் விரைவுச் சுற்றில் ஒரு சூட்டுக்கு மூன்று விநாடிதான் கிடைக்கும். அங்கே நிற்க ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: இந்த வாரமே மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். நூறு தோட்டா முடிந்ததும், எந்த எண்ணில், எப்படிச் சிக்கியது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தபின் பேரலைப் பற்றிப் பேசலாம்.